காற்றாடியைச் சுற்றுவது மனமா, மூச்சா?

கேள்வி: ஊசிமுனையில் காகிதக் காற்றாடியை வைத்து, ஹெட்போனில் தியான இசை கேட்டபடி, மனசாலேயே சுற்றப் பழகுகிறேன். சில நாள் சுற்றுகிறது. இசை உதவுகிறதா?
– வாசகர், தக்கலை

பதில்: காற்றாடி சுற்றுவது உண்மைதான், காரணம் வேறு. பக்கத்தில் இருக்கும் கையின் சூட்டில் காற்று மேலெழும், மூச்சும் கூடச் சேரும். கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து மூடிவிட்டு, கையையும் விலக்கி, அதே இசையைக் கேளுங்கள். எவ்வளவு முயன்றாலும் அசையாது.

மனசக்தியால் பொருளை நகர்த்துவது உள்ளிட்ட அற்புதங்களை ஏமாற்றில்லாமல் செய்துகாட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று, இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் மறையும்வரை யாரும் அதை வெல்லவில்லை.

ஆனால் ஒலி பொருளை அசைக்கும். அதற்கு மனசக்தி வேண்டாம். கிண்ணத்தின் வாயில் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டி, உப்புத் தூவி, பக்கத்தில் உரக்கப் பாடுங்கள். சுருதி பொருந்தியதும் உப்பு துள்ளும். ஜெர்மானியர் கிளாட்னி, உலோகத் தகட்டில் மணல் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்துக் கோலங்கள் வரவழைத்தார். 1787இல் அதை நூலாகவும் வெளியிட்டார்.

உங்கள் மாவட்டத்திலேயே சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் இசைத்தூண்கள் இருக்கின்றன. ஒரே கல்லில் 33, 25 எனச் சிறுதூண்கள். தட்டினால் கல் அதிர்கிறது, அது காற்றை அதிரவைக்கிறது, காது கேட்கிறது.

இசையால் மனம் அடங்கும். அந்த லாபத்துக்காகத் தாராளமாகக் கேளுங்கள். கொடைவிழாவில் வில்லுப்பாட்டின் குடமும் உடுக்கும் உச்சத்துக்குப் போகும்போது சாமியாடி எழுந்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். இசை ஆளையே ஆட்டிவைக்கும். காகிதத்தை அசைக்க அதற்கும் காற்று வேண்டும்.