இறுகிப்போன போல்டைக் கழற்றுவது எப்படி?

மாணவர்களே, சென்ற பள்ளி விடுமுறையில் என் தந்தையின் இருபது வயதுக் காரைப் பழுதுபார்க்க உட்கார்ந்தேன். புகைக்குழாயை இன்ஜினோடு இணைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று அசையவே இல்லை. ஸ்பேனரின் கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி முழுப் பலத்தோடு இழுத்தேன். ‘டக்’கென்று ஒரு சத்தம். போல்டின் தலை என் கையில், உடல் இன்ஜினுக்குள். விசையைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கே இந்த நிலை!

பக்கத்துப் பட்டறையின் மூத்த மெக்கானிக் வந்து பார்த்தார். “சார், வரலைன்னா இன்னும் இழுக்கக் கூடாது. எது பிடிச்சிருக்குன்னு மொதல்ல பாக்கணும்” என்றார். அந்தக் கேள்விதான் இந்த வாரப் பாடம்.

போல்டைப் பிடித்திருப்பது எது?

போல்டை இறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீள்கிறது. இழுத்த ரப்பரைப் போல அது மீண்டும் சுருங்க முயல்கிறது. இந்த இழுவிசைதான் இரு பாகங்களையும் சேர்த்து அழுத்துகிறது. அதனால் தலையின் அடியிலும் மரைகளுக்கு இடையிலும் உராய்வு உண்டாகிறது. இவை இரண்டும் புதிய காரிலும் உண்டு.

பழைய காரில் மூன்றாவது பிடி ஒன்று சேர்கிறது. அதுதான் துரு. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துருப்பிடிக்கும். அரிக்கப்பட்ட இரும்பு இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைத் துரு அடைக்கிறது. மரைகளுக்கு இடையே அவ்வளவு இடம் ஏது? ஆகவே ஆப்பு அடித்தது போல போல்ட் இறுகிவிடுகிறது. எஃகு போல்ட் அலுமினியத்துக்குள் இருந்தால் இன்னொரு சிக்கல். இரு வேறு உலோகங்களும் ஈரமும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகின்றன. அதில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகிறது. அந்தப் பொடியும் மரைகளை அடைத்துக்கொள்ளும்.

என் போல்ட் ஏன் உடைந்தது?

முறுக்குவிசை = விசை × தூரம். 0.15 மீட்டர் ஸ்பேனரை 200 நியூட்டன் விசையால் இழுத்தால் 30 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். நான் செருகிய குழாயால் தூரம் 0.6 மீட்டராகியது. அதே 200 நியூட்டன் இப்போது 120 நியூட்டன் மீட்டர்! பொதுவான 8 மில்லிமீட்டர் எஃகு போல்டை இறுக்க ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டரே போதும். தலை சுழன்றது, துரு பிடித்த உடல் சுழலவில்லை. நடுப்பகுதி முறுக்கப்பட்டு அறுந்தது.

நான் செய்திருக்க வேண்டியது

முதலில், ஊடுருவும் எண்ணெய். அது நுண்துளைக் கவர்ச்சியால் மெல்லிய இடுக்குகளுக்குள் தானாகவே ஏறும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு விட வேண்டும்.

அடுத்து, போல்டின் தலையைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டலாம். துரு எளிதில் நொறுங்கும் பொருள்; அதிர்வில் அதில் விரிசல் விழும். பிறகு ஒரே திசையில் இழுக்காமல், சற்றுக் கழற்றி, சற்று இறுக்கி, மீண்டும் கழற்ற வேண்டும்.

மூன்றாவது, வெப்பம். உலோகத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள துளை சுருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பந்து, வளையச் சோதனையை நினைத்துப் பாருங்கள்: வளையம் சூடானால் துளையும் பெரிதாகிறது. வெப்பநிலை 100 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அலுமினியத்திலுள்ள 8 மில்லிமீட்டர் துளை ஏறத்தாழ 0.018 மில்லிமீட்டர் விரியும். எஃகு போல்ட் 0.010 மில்லிமீட்டர்தான் விரியும். வேறுபாடு மிகச் சிறிது. ஆனாலும் துருவின் பிடியைத் தளர்த்த அது உதவும்.

உடைந்த பிறகு என்ன வழி?

ஒரு நல்ல செய்தி. தலை அறுந்ததும் இழுவிசை போய்விடுகிறது. மூன்று பிடிகளில் ஒன்று குறைந்துவிட்டது! மெக்கானிக் அதைத்தான் பயன்படுத்திக்கொண்டார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தார். பற்றவைப்பின் கடும் வெப்பம் துருவின் பிடியைத் தளர்த்தியது. நட்டு ஸ்பேனருக்குப் புதிய தலையானது. சற்று ஆறியதும் முன்னும் பின்னும் அசைத்தார். துண்டு கழன்று வந்தது.

துண்டு துளைக்குள்ளேயே அறுந்திருந்தால், அதன் சரியான மையத்தில் துளையிட்டு எக்ஸ்ட்ராக்டர் என்ற கருவியைச் செலுத்துவார்கள். அதன் மரை எதிர்த் திசையில் வெட்டப்பட்டிருக்கும். கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப உள்ளே இறுகி, துண்டையும் சேர்த்துச் சுழற்றும். ஆனால் அது மிகக் கடினமான, எளிதில் முறியும் எஃகு. அங்கேயும் பலத்தைக் காட்டினால் அது உள்ளே முறியும். பிறகு சாதாரண டிரில் பிட் அதைத் துளைக்காது. ஒரே தவற்றை இருமுறை செய்தால் விலை பல மடங்கு.

எச்சரிக்கை

ஊடுருவும் எண்ணெய் தீப்பற்றக்கூடியது. எண்ணெய் ஊற்றிய இடத்திலோ பெட்ரோல் குழாய் அருகிலோ நெருப்பைக் காட்டாதீர்கள். ஜாக் மட்டும் தாங்கும் காரின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். சூடாக்குதல், துளையிடுதல், பற்றவைத்தல் ஆகியவை தேர்ந்த பெரியவர்களின் வேலை. பக்கத்தில் நின்று பார்த்தாலும் கண்ணாடிக் கவசம் அணியுங்கள். பற்றவைக்கும் ஒளியை நேராகப் பார்க்காதீர்கள்.

செய்து பாருங்கள்

துத்தநாகம் பூசாத இரண்டு இரும்பு போல்டுகளையும் அவற்றுக்குரிய நட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மரையில் கிரீஸ் தடவுங்கள். மற்றதை அப்படியே விடுங்கள். இரண்டையும் கையால் ஒரே அளவு இறுக்குங்கள். உப்புநீரில் நனைத்து, தட்டில் வைத்து, இரண்டு வாரம் தினமும் உப்புநீர் தெளியுங்கள். பிறகு கழற்றிப் பாருங்கள். எதற்கு அதிக விசை தேவைப்பட்டது? ஏன்?

சிந்தியுங்கள்

1. இச்சோதனையில் எது மாற்றப்பட்ட மாறி? எவை மாற்றப்படாதவை?
2. இறுகிய கண்ணாடிப் போத்தலின் உலோக மூடியை வெந்நீரில் காட்டினால் எளிதில் திறக்கிறதே, ஏன்?

என் தந்தையின் கார் இப்போது ஓடுகிறது. புதிய போல்டில் செம்பு கிரீஸ் தடவித்தான் பூட்டினேன். அறுந்த தலையை என் மேசைமேல் வைத்திருக்கிறேன். அடுத்த முறை எதுவாவது வர மறுத்தால், இழுக்கும் முன் அதைப் பார்ப்பேன்.