வண்டிக்கும் ஒரு நோட்டு போடுவோம்



சிதம்பரம் பகுதியில் நம் குழு ஒன்று கடன் வாங்கி, பழைய டீசல் சின்ன யானை ஒன்றை வாங்கியது. கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றி வந்து விற்றார்கள். நாலாவது மாதம் வண்டி நடுவழியில் நின்னு போச்சு. என்ஜினில் சொட்டு ஆயில் இல்லை. "டிரைவர் பார்ப்பார்னு நாங்க இருந்தோம், ஷெட்டுல பார்த்திருப்பாங்கன்னு அவர் இருந்துட்டார்" என்றார் ஊக்குநர். வண்டி நின்றாலும் தவணை நிற்கவில்லை.

சின்ன யானை 2005-ல் சந்தைக்கு வந்தது. இன்று பழைய வண்டிகள் பல கை மாறி நம்மிடம் வருகின்றன. முன்பு வைத்திருந்தவர் எப்போது ஆயில் மாற்றினார் என்று நமக்குத் தெரியாது. அதனால் இந்த மாதப் பாடம், வண்டிக்குள் ஓடும் எண்ணெயும் தண்ணீரும்.

1. என்ஜின் ஆயில்

காலையில் வண்டியை எடுக்கும் முன், சமதரையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆயில் குச்சியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் உள்ளே விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் கீழே போனால் இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறி என்ஜின் பிடித்துக்கொள்ளும். அதற்காக மேல்கோட்டைத் தாண்டியும் ஊற்றக் கூடாது. டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரம் கருப்பாகும், அதற்குப் பயப்பட வேண்டாம். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

2. ரேடியேட்டர்

நம் கடலோர ஊர்களில் பல போர்களில் உப்புத் தண்ணீர்தான். அதை ஊற்றினால் உள்ளே துருவும் உப்புப் படிவும் ஏறி, வண்டி கொதிக்கும். கூலண்டோடு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கலந்து ஊற்றுவதே நல்லது. முக்கியமாக, சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். வண்டி நன்றாக ஆறட்டும்.

3. பிரேக் ஆயில்

டப்பாவில் குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே இறங்கினால், எங்கோ ஒழுகுகிறது அல்லது பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது. ஊற்றிவிட்டுப் போய்விடாமல் காரணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூடியில் எழுதியிருக்கும் ரகத்தையே வாங்குங்கள். இதில் என்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் கெட்டு, பிரேக் பிடிக்காமல் போகும். இது உயிர் சம்பந்தப்பட்டது.

4. கியர் ஆயில், கிரவுன் ஆயில்

இவற்றை நாமே பார்ப்பது சிரமம். சர்வீசுக்கு விடும்போது கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை தெரிந்தால் உடனே காட்டுங்கள்.

5. டீசல் பில்டர்

டீசலில் சேரும் தண்ணீர் இதன் அடியில் தங்கும். அதை எப்படி வடிப்பது என்று மெக்கானிக்கிடம் ஒருமுறை கற்றுக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வந்தால்

2015 வெள்ளத்தையும், 2024 பெஞ்சல் புயலில் தென்பெண்ணை பெருகியதையும் நாம் மறக்கவில்லை. மழை எச்சரிக்கை வந்ததும் வண்டியை மேட்டில் ஏற்றிவிடுங்கள். தண்ணீரில் மூழ்கிய வண்டியில் "ஓடுதான்னு பார்ப்போம்" என்று சாவியைத் திருகவே கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே தண்ணீர் இருந்தால் என்ஜின் கம்பியே வளைந்துவிடும். முதலில் மெக்கானிக் பார்க்க வேண்டும்.

என்ன செய்வோம்?

பழைய வண்டி வாங்கியதும் எல்லா ஆயிலையும் பில்டரையும் ஒருமுறை மாற்றிவிடுவோம். அன்றைய தேதி, கிலோமீட்டர், செலவு மூன்றையும் புது நோட்டில் முதல் வரியாக எழுதுவோம். அடுத்து எப்போது மாற்றுவது என்பதை வண்டிப் புத்தகத்தில் பார்த்து, அதையும் எழுதுவோம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளுக்கு ஆயில் ரகம் வேறு, புத்தகத்தில் உள்ளதையே வாங்க வேண்டும். கழித்த ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல் ஷெட்டிலேயே கொடுத்துவிடுவோம்.

சேமிப்பு, கடன், தீர்மானம் என்று ஒவ்வொன்றுக்கும் நோட்டு போட்டுத்தானே நம் குழு நிலைத்தது? எழுதாத கணக்கில்தான் சண்டை வரும், எழுதாத வண்டியில்தான் செலவு வரும்.

குழுவில் பேசுவோம்

* நம் வண்டியில் கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது?
* தினமும் காலையில் குச்சியைப் பார்ப்பது யார்? அவர் வராத நாளில் யார்?
* நோட்டு யாரிடம் இருக்கும்?

மூன்றுக்கும் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.