செல்போனில் பச்சை, தெருவில் புகை: எதை நம்புவது?

அருள்புரத்தில் காலையில் துணி காயப்போட மாடிக்குப் போறீங்க. பக்கத்து பாய்லர் புகை மூக்கில் ஏறுது. செல்போனில் பார்த்தால் ‘திருப்பூர், காற்றுத் தரம் திருப்தி’ என்று பச்சை நிறம். எது உண்மை? இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

எண் எப்படி வருகிறது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ ஆப்பில் வருவது காற்றுத் தரக் குறியீடு. 2015 முதல் நாடு முழுவதும் இதுதான் அளவுகோல். இதில் 8 மாசுகள் உண்டு. குறைந்தது 3 மாசுகளின் அளவு வேண்டும், அதில் பி.எம். 10 அல்லது பி.எம். 2.5 என்ற தூசித் துகள் கட்டாயம்.

ஒவ்வொரு மாசுக்கும் தனி மதிப்பெண். அவற்றைக் கூட்டி வகுப்பதில்லை. எது அதிகமோ அதுதான் குறியீடு. உதாரணமாக, பி.எம். 2.5-க்கு 75, பி.எம். 10-க்கு 113, நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 38 என்றால், குறியீடு 113.

• 0–50: நன்று
• 51–100: திருப்தி
• 101–200: மிதமான மாசு
• 201–300: மோசம்
• 301–400: மிக மோசம்
• 401–500: கடுமை

ஏன் தெருவோடு பொருந்தவில்லை?

முதல் காரணம், தூசித் துகளுக்கு எடுப்பது 24 மணி நேர சராசரி. காலையில் இரண்டு மணி நேரம் வந்த புகை அதில் கரைஞ்சு போயிடும். இரண்டாவது, கருவி நிற்கும் இடத்துக் காற்றைத்தான் அது அளக்கும். பல்லடம் சாலையில் உங்க வீட்டுப் பக்கம் வரும் புகை அதுக்குத் தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது

எண்ணோடு நிறுத்தாமல், எந்த மாசு அதிகம், எந்த மணி நேரத்தில் ஏறுது என்றும் பாருங்க. வீட்டில் வீசிங் உள்ள குழந்தையோ பெரியவரோ இருந்தால், புகை வரும் நேரத்தில் ஜன்னலைச் சாத்துங்க. வாக்கிங் நேரத்தை மாத்துங்க. அப்போது ஆப்பின் பச்சையை நம்பி இருக்க வேண்டாம்.

தினமும் புகை வந்தால் தேதி, நேரம், இடம் குறித்து, போட்டோவும் எடுத்து வையுங்க. முதல்வரின் உதவி மையம் 1100-லோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்திலோ புகார் தரலாம். அன்றைக்கு ஆப்பில் பச்சை காட்டியிருந்தாலும் தயங்க வேண்டாம்.