விசாகப்பட்டினத்தில் விமானம் பார்க்கப் போகிறீர்களா?

விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் நிற்கும் டியூ-142 விமானம் நமக்கு அந்நியமானதல்ல. நம் அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பல ஆண்டுகள் பறந்து, 2017 மார்ச்சில் அங்கேயே ஓய்வு பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் அருங்காட்சியகமானது. இதைக் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், ஆர்வம் தானாக வரும்.

எதிரே குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல். முதலில் அதைப் பாருங்கள், பிறகு விமானம். நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த விமானத்தின் வேலை. ஒலியைக் கேட்கும் மிதவைகளைக் கடலில் போட்டு, அடியில் ஓடும் கப்பலைக் கண்டுபிடிக்கும். ஒளிந்தவனையும் தேடியவனையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

விமானத்தின் நான்கு எஞ்சின்களையும் நின்று கவனியுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசை விசிறிகள். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழல்பவை. எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.

கப்பலுக்குள் வழி குறுகல், குனிந்துதான் போக வேண்டும். மூட்டுவலி உள்ள பெரியவர்களை வற்புறுத்த வேண்டாம். கடற்கரைக் காற்றில் உட்காரட்டும். கைக்குழந்தையை வண்டியில் தள்ளிப் போகவும் முடியாது, தூக்கிக்கொள்ளுங்கள். வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களிலும் நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.