அசல் கெடாமல் படம் திருத்துவது எப்படி?

கணினி மன்ற மாணவியர், பன்னிரண்டாம் வகுப்பு

போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாது என்று நம் வீட்டு அடுப்படியில் அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறோம். அது சமையலுக்கு மட்டுமன்றிக் கணினிக்கும் பொருந்தும் என்பதை இவ்வாண்டு நாங்கள் பட்டறிந்தோம். அந்த அனுபவத்தையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் தோழியருக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மலரின் பழைய நினைவுகள் பக்கத்திற்காக, நம் பள்ளியில் படித்த ஒரு பாட்டி தம் வகுப்புக் குழுப்படத்தை எங்களிடம் தந்தார்கள். ஸ்கேனரில் வைத்துப் படியெடுத்துக்கொண்டு, அன்று மாலையே படத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். படம் சற்று மங்கலாக இருந்தது. கையில் கிடைத்த ஓர் எளிய மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டிச் சேமித்தோம். மறுநாள் பார்த்தபோது வெளுப்பு மிகுந்து தோன்றியது. வெளிச்சத்தைக் குறைத்து, அதே கோப்பின் மேலேயே மீண்டும் சேமித்தோம். பின்வரிசையில் சன்னலோரம் நின்ற மூவரின் முகங்களில் கண்ணும் மூக்கும் மறைந்து, சாம்பல் நிறத் திட்டுகளே எஞ்சின. எவ்வளவு முயன்றும் அவை மீளவில்லை. பாட்டியோ அதற்குள் மகன் வீட்டிற்கு வெளியூர் சென்றுவிட்டார்கள்.

கூட்டியதைக் குறைத்தால் பழைய நிலை வரவேண்டும் அல்லவா? ஏன் வரவில்லை? இக்கேள்வியுடன் எங்கள் கணினி ஆசிரியையிடம் சென்றோம். அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, "கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்றார்கள்.

எண்களே படம்

கணினிக்குப் படம் என்பது எண்களின் அடுக்கே. படம் சிறுசிறு புள்ளிகளாகப் பிரிக்கப்படுகிறது. இவற்றைப் பிக்சல் என்பர். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண் உண்டு. சாதாரணப் படக்கோப்பில் 0 என்றால் முழுக் கறுப்பு. 255 என்றால் முழு வெள்ளை. இடையில் உள்ளவை சாம்பல் நிறங்கள். ஆக மொத்தம் 256 படிகள். வண்ணப் படமானால் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள்.

இப்போது ஒரு முகத்தில் நெற்றிக்கு 200, கன்னத்து நிழலுக்கு 150 என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சத்தை இருமடங்காக்கினால் 400, 300 என்று வரவேண்டும். ஆனால் கோப்பில் 255-க்கு மேல் இடமில்லை. எனவே இரண்டும் 255 ஆகிவிடுகின்றன. பின்னர் பாதியாகக் குறைத்தால் இரண்டுமே 127. நெற்றிக்கும் கன்னத்திற்கும் வேறுபாடு அற்றுப்போயிற்று! எங்கள் சன்னலோர முகங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

குறைத்துவிட்டுக் கூட்டினாலும் இழப்பு உண்டு. 101-இன் பாதி 50.5. கோப்பில் பின்னத்திற்கு இடமில்லாததால் 50 என்று எழுதப்படுகிறது. அதை இருமடங்காக்கினால் 100. ஏற்கெனவே 100 ஆக இருந்ததும் 100. இவ்வாறு இரண்டு படிகள் ஒன்றாகி, 256 படிகள் 128 ஆகச் சுருங்கிவிடுகின்றன.

பைப்லைன் என்னும் ஏற்பாடு

இதற்கு மாற்று என்ன? அரிசியையும் பருப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு, செய்முறையை மட்டும் ஒரு தாளில் எழுதி வைப்பதாக எண்ணிப் பாருங்கள். உப்பு கூடிவிட்டதா? தாளில் அளவைத் திருத்திவிட்டு, முதலிலிருந்து சமைத்துக்கொள்ளலாம். அடுப்படியில் இது கட்டுப்படியாகாது. கணினிக்கோ அசல் எத்தனை முறை எடுத்தாலும் குறையாதது, சமைப்பதும் நொடிப்பொழுது.

படம் திருத்தும் நல்ல மென்பொருள்கள் இம்முறையையே கைக்கொள்கின்றன. அசல் கோப்பு தொடப்படுவதில்லை. தூசி நீக்குதல், வெளிச்சம் கூட்டுதல், கூர்மையாக்குதல் போன்ற ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மாட்யூல் ஒன்று உண்டு. ஒரு மாட்யூல் தந்த விடையை அடுத்தது வாங்கித் தன் வேலையைச் செய்து அதற்கடுத்ததிடம் கொடுக்கும். குழாயில் நீர் ஓடுவதுபோல் படம் ஒரு முனையில் புகுந்து மறுமுனையில் வெளிவருவதால் இதற்குப் பைப்லைன் என்று பெயர்.

2009-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டார்க்டேபிள் என்னும் கட்டற்ற மென்பொருள் இவ்வழியைப் பின்பற்றுவது. நாம் செய்த திருத்தங்களின் பட்டியலை அது அசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோப்பாக எழுதி வைக்கிறது. எத்தனை ஆண்டுகள் கழித்தும் அப்பட்டியலைத் திறந்து ஓர் அளவை மட்டும் மாற்றலாம்.

மேலும், பைப்லைனுக்குள் ஓடும் எண்கள் 0 முதல் 255 வரையான முழு எண்கள் அல்ல. பின்னங்களையும், வெள்ளையைத் தாண்டிய அளவுகளையும் தாங்கக்கூடிய 32 பிட் தசம எண்களாக அவை இருக்கும். 300 என்பது 300-ஆகவே அடுத்த மாட்யூலுக்குச் செல்லும். பாதியாக்கினால் 150 கிடைக்கும். 255-க்குள் அடக்கும் வேலை கடைசிப் படியில் ஒரே ஒரு முறை நடக்கும்.

வரிசை ஏன் முக்கியம்?

ஊறவைக்காமல் அரைத்தால் இட்லி மாவு எப்படியிருக்கும்? பைப்லைனிலும் முன்பின் மாறினால் விளைவு மாறும். கூர்மையாக்கிய பிறகு தூசியை நீக்க முயன்றால், தூசியும் கூர்மையாகி முன்னைவிடப் பளிச்சென்று நிற்கும். ஆகவே தூசி நீக்கம் முந்த வேண்டும். கூர்மை பிந்த வேண்டும்.

இதைவிட நுட்பமான எடுத்துக்காட்டு ஒன்றை ஆசிரியை காட்டினார்கள். கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் பொடிக்கட்டத் துணியைத் தொலைவிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறமாகத் தெரியும். அதன் படத்தைச் சிறிதாக்கும்போது கணினி 0-ஐயும் 255-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து ஏறத்தாழ 128 என்று போட்டால், நம் கண் கண்டதைவிடப் படம் இருண்டுவிடும். காரணம், கோப்பில் உள்ள எண் ஒளியின் நேரளவு அன்று. நம் கண்ணுக்கு நிழல்களில் வேறுபாடு நன்கு தெரியும் என்பதால், கறுப்புப் பக்கத்திற்கு அதிகப் படிகள் ஒதுக்கி எண்கள் அமைக்கப்பட்டுள்ளன. 128 என்னும் எண் முழு வெள்ளையின் பாதி ஒளியைக் குறிப்பதில்லை. சுமார் 22 விழுக்காட்டையே குறிக்கிறது. பாதி ஒளிக்குரிய எண் 188 ஆகும். எனவே முதலில் எண்களை ஒளியின் நேரளவாக மாற்றி, கலக்க வேண்டியவற்றைக் கலந்து, இறுதியில் மீண்டும் கோப்பின் எண்ணாக மாற்றுவதே முறை.

இணைப்பு பொருந்த வேண்டும்

ஒரு குழாயின் வாயும் அடுத்த குழாயின் வாயும் ஒரே அளவாக இருந்தால்தான் நீர் ஒழுகாமல் செல்லும். அதுபோல ஒவ்வொரு மாட்யூலும் எந்த வடிவில் படத்தை வாங்கும், எந்த வடிவில் கொடுக்கும் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட வேண்டும். உள்ளே எப்படிக் கணக்கிடுகிறது என்பது அந்த மாட்யூலின் சொந்த விவகாரம். மற்றவை அதில் தலையிடுவதில்லை. இவ்வொழுங்கு இருப்பதால் ஒரு மாட்யூலைக் கழற்றிவிட்டு மேலான ஒன்றை மாட்டலாம். பிழை நேர்ந்தால் எந்த மாட்யூலில் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து அறியலாம்.

ஜிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருளுக்கு இந்த வேலையைச் செய்து தருவது ஜி.இ.ஜி.எல். என்னும் நிரல் தொகுப்பு. அதில் மாட்யூல்கள் ஒரே கோடாக மட்டுமன்றி, கிளைகளாகவும் இணையலாம். இரண்டு படங்களைக் கலக்கும் மாட்யூலுக்கு இரண்டு நுழைவாய்கள் வேண்டுமன்றோ? எண்களை ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவிற்கு மாற்றுவதற்கென்றே பாபில் என்னும் தனித் தொகுப்பும் உண்டு.

வேகத்திற்கு வழி

ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்கிட்டால் தாமதமாகாதா என்று கேட்கத் தோன்றும். 2 கோடியே 40 லட்சம் பிக்சல் கொண்ட ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பிக்சலுக்கு நான்கு எண்கள்: மூன்று நிறங்களும், ஒளி ஊடுருவும் அளவும். ஒவ்வோர் எண்ணுக்கும் 4 பைட். பெருக்கினால் 38 கோடியே 40 லட்சம் பைட். ஆறு மாட்யூல்களும் தத்தமக்கு ஒரு படி வைத்துக்கொண்டால் 230 கோடி பைட்டுக்கு மேல் ஆகிவிடும்!

இதைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஒரு மாட்யூலின் விடையை நினைவில் வைத்துக்கொள்வது. ஐந்தாம் மாட்யூலில் அளவை மாற்றினால், நான்காவது வரை செய்த கணக்கு அப்படியே இருக்கும். ஐந்திலிருந்து செய்தால் போதும். இரண்டாவது, படத்தைச் சதுரத் துண்டுகளாக வெட்டிக்கொண்டு ஒவ்வொரு துண்டாகச் செய்வது. மூன்றாவது, திரையில் காட்டுவதற்கு வேண்டிய அளவை மட்டும் கணக்கிட்டு, முழு அளவை இறுதியில் வெளியிடும்போது செய்வது.

துண்டாக வெட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. மங்கலாக்கும் மாட்யூலுக்கு அக்கம்பக்கத்துப் பிக்சல்களும் தேவை. பத்துப் பிக்சல் தூரம் வரை பார்க்கும் மாட்யூல், 256-க்கு 256 அளவுள்ள துண்டைத் தருவதற்கு, முந்தைய மாட்யூலிடம் 276-க்கு 276 கேட்டு வாங்க வேண்டும். இல்லையேல் துண்டுகள் சேருமிடத்தில் தையல் தெரியும். ஆகவே எவ்வளவு வேண்டும் என்னும் கேள்வி கடைசி மாட்யூலிலிருந்து பின்னோக்கிச் செல்கிறது. விடை முன்னோக்கி வருகிறது.

பல கைகள் சேர்ந்த பணி

கட்டற்ற மென்பொருள் என்றால், அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்று பொருள். ஜிம்ப் 1995-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்களால் தொடங்கப்பட்டது. எக்ஸ்.சி.எப். என்னும் ஜிம்ப் கோப்பின் பெயர், அவர்கள் சார்ந்திருந்த மாணவர் கணினிக் குழுவின் பெயர்ச்சுருக்கமே என்று அறிந்தபோது, எங்கள் மன்றத்தில் மகிழ்ச்சி பொங்கியது.

ஆனால் அந்த முதல் அமைப்பில் 256 படிகளே இருந்தன. ஒரு முறை செய்த திருத்தம் படத்தோடு கரைந்துவிடும். அதை மாற்றவே 2000-ஆம் ஆண்டில் ஜி.இ.ஜி.எல். பணி தொடங்கியது. 2008-இல் வந்த 2.6 பதிப்பில் அது முதன்முதலாக இடம்பெற்றது. 2018-இல் வந்த 2.10 பதிப்பில்தான் 32 பிட் தசம எண்கள் முழுமையாகப் புழக்கத்திற்கு வந்தன. திருத்தத்தைக் கரைக்காமல் பின்னரும் மாற்றும் வசதி 2025 மார்ச்சில் வெளியான 3.0 பதிப்பில் கிடைத்தது. இருபத்தைந்து ஆண்டு உழைப்பு! ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் குழாயை மாற்றுவதுபோல், பயன்படுத்துவோர் வேலை நிற்காமல் சிறிது சிறிதாக மாற்றினார்கள். ஒருவரையொருவர் நேரில் காணாத பலர் இதில் பங்குகொள்ள முடிந்ததற்குக் காரணம், வேலை சிறு சிறு கூறுகளாகப் பிரிந்திருந்ததும், இணைப்பு விதிகளை அனைவரும் மதித்ததுமே ஆகும்.

நாங்கள் வகுத்த வரிசை

அடுத்த முறைக்காக எங்கள் மன்றம் ஒரு திட்டம் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

1. 65,536 படிகள் கொண்ட 16 பிட் முறையில் படியெடுத்தல். அக்கோப்பை மாற்ற முடியாதபடி பூட்டி, வேறோர் இடத்திலும் ஒரு படி வைத்தல்.
2. எண்களை ஒளியின் நேரளவாக மாற்றுதல்.
3. தூசியும் கீறலும் நீக்குதல்.
4. சாய்வைத் திருத்தி ஓரம் வெட்டுதல்.
5. வெளிச்சம் சரிசெய்தல்.
6. கூர்மையாக்குதல்.
7. அச்சிற்கேற்ற கோப்பாக, வேறு பெயரில் வெளியிடுதல்.

தோழியரே, நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். தாளில் ஐந்து கட்டங்கள் வரைந்து 40, 101, 150, 200, 240 என்று எழுதுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டால் பெருக்கி, 255-க்கு மிஞ்சியதை 255 என்றே எழுதி, பிறகு இரண்டால் வகுங்கள். எத்தனை எண்கள் பழைய நிலைக்குத் திரும்பின? அடுத்து, இடையில் எதையும் வெட்டாமல் அதே கணக்கைச் செய்யுங்கள். இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாங்கள் இவ்வளவு நீட்டி எழுதியது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

பழைய நினைவுகள் பக்கத்தில் அந்தக் குழுப்படம் வெளுத்த மூன்று முகங்களோடுதான் அச்சாகியிருக்கிறது. அம்மூவரிடமும், நம்பிக் கொடுத்த பாட்டியிடமும் நாங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். ஊர் திரும்பியதும் படத்தை மீண்டும் தருவதாகப் பாட்டி தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு மலரில் அம்முகங்களைத் தெளிவாகக் காட்டும் பொறுப்பைப் பதினோராம் வகுப்புத் தங்கையரிடம் ஒப்படைத்து விடைபெறுகிறோம். வரிசை சுவரில் இருக்கிறது. முதல் படியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.