எந்த எரர் வந்தாலும் பாஸா?

கேள்வி: ஒரே மின்னஞ்சலை இரண்டாம் முறை பதிவு செய்தால் டேட்டாபேஸ் மறுக்க வேண்டும். எரர் வந்தால் டெஸ்ட் பாஸ். எந்த எரர் என்றும் பார்க்க வேண்டுமா?

பதில்: பார்த்தே ஆக வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு எரருக்கும் எஸ்கியூஎல்ஸ்டேட் என்ற ஐந்தெழுத்துக் கோடு தருகிறது. முதல் இரண்டு எழுத்து எரரின் வகுப்பு. மீதி மூன்று அந்த வகுப்புக்குள் எது என்பது. 23-இல் தொடங்கினால் தரவுக்கான கட்டுப்பாடு மீறப்பட்டிருக்கிறது: 23505 இரட்டைப் பதிவு, 23503 ஃபாரின் கீ, 23502 காலியாக விடக்கூடாத ஃபீல்டு காலி, 23514 செக் நிபந்தனை. 42-இல் தொடங்கினால் பெரும்பாலும் கட்டளையிலேயே கோளாறு: 42601 சின்டாக்ஸ் பிழை, 42703 இல்லாத ஃபீல்டு, 42பி01 இல்லாத டேபிள்.

டேபிளின் பெயர் 'மெம்பர்ஸ்' என்று வைத்துக்கொண்டால் ஆபத்து விளங்கும். இரண்டாவது இன்செர்ட்டை எழுதும்போது கடைசி 'ஸ்' விடுபட்டுவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் 42பி01 என்று மறுக்கிறது. டெஸ்ட் கேட்டது ஏதோ ஓர் எரர், அது கிடைத்துவிட்டது, பச்சை விளக்கு. மின்னஞ்சலுக்கான யூனிக் கட்டுப்பாட்டை நாளை ஒருவர் நீக்கினாலும் அதே பச்சைதான். கையில் சிக்கியவரைக் குற்றவாளியாக்கி வழக்கை முடிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. டெஸ்ட்டே இல்லாத இடத்தில் சந்தேகமாவது மிஞ்சும். இங்கே அதுவும் போய்விடுகிறது.

ஒழுங்கான டெஸ்ட் மூன்றைக் கேட்கும். முதல் இன்செர்ட் வெற்றி பெற வேண்டும். இரண்டாவது 23505-இல் விழ வேண்டும். விழாமல் நுழைந்துவிட்டால் டெஸ்ட் ஃபெயில் ஆக வேண்டும். டிரை, கேட்ச் போட்டு எழுதுவோர் மூன்றாவதைத்தான் மறக்கிறார்கள்: எரரே வரவில்லை, கேட்சுக்குள் இருந்த சோதனையும் ஓடவில்லை, டெஸ்ட் சத்தமில்லாமல் பாஸ்.

இன்னும் ஒரு படி உண்டு. பிரைமரி கீ மோதினாலும் வருவது 23505தான். மோதியது மின்னஞ்சலா, வரிசை எண்ணா என்று கோடு சொல்லாது. கட்டுப்பாட்டின் பெயர் சொல்லும். 9.3 பதிப்பிலிருந்து அந்தப் பெயர் எரருடன் தனிப் புலமாகவே வருகிறது. அதையும் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: கோடு எதற்கு? எரர் செய்தியின் வாசகத்தை ஒப்பிட்டால் போதாதா?

பதில்: போதாது. சர்வரின் மொழி அமைப்பு மாறினால் வாசகம் மாறும். பதிப்பு மாறினாலும் மாறலாம். கோட்டைப் பார்க்கும்படி போஸ்ட்கிரெஸின் ஆவணமே சொல்கிறது.

கேள்வி: மைஎஸ்கியூஎல்லிலும் எஸ்கியூஎல்ஸ்டேட் இருக்கிறது. அதே டெஸ்ட்டை அங்கே ஓட்டலாமா?

பதில்: ஓட்டினால் ஏமாற்றம்தான். அங்கே இரட்டைப் பதிவு, ஃபாரின் கீ மீறல், நல் மதிப்பு மூன்றுக்கும் ஒரே 23000. பிரித்துக் காட்டுவது மைஎஸ்கியூஎல்லின் சொந்த எண்: 1062 இரட்டைப் பதிவு, 1452 தாய் ரெக்கார்டு இல்லை, 1048 நல். எண்களையும் ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிச் செல்ல முடியாது. எஸ்கியூஎல் சர்வரில் 1205 என்றால் டெட்லாக். மைஎஸ்கியூஎல்லில் அதே 1205, லாக்குக்காகக் காத்திருந்து நேரம் தீர்ந்ததைக் குறிக்கும். டெட்லாக் அங்கே 1213. செக் நிபந்தனைக்கான 3819 எவ்வளவு காத்திருந்தாலும் வரவில்லை என்றால் பதிப்பைப் பார்ப்பது நல்லது. 8.0.16-க்கு முன் மைஎஸ்கியூஎல் செக்கைப் படித்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் விட்டது.

கேள்வி: எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ எரர் வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: வழக்கமாக அந்தச் சோதனை அணைந்தே இருக்கும். ஒவ்வொரு கனெக்ஷனிலும் அதற்கான பிராக்மாவை ஆன் செய்ய வேண்டும். அதன் பிறகு வரும் பொதுக் கோடான 19 மட்டும் போதாது. விரிவுக் கோடான 787 தான் ஃபாரின் கீ.

கேள்வி: எதிர்பார்த்த எரர் சரியாக வருகிறது. அதன் பிறகு எந்தக் கட்டளை கொடுத்தாலும் 25பி02. போஸ்ட்கிரெஸ் பழுதா?

பதில்: பழுது இல்லை. எரர் வந்ததும் அந்த டிரான்சாக்ஷன் முடங்குகிறது. ரோல்பேக் செய்யும்வரை மற்றக் கட்டளைகளை ஏற்காது. எரரை எதிர்பார்க்கும் கட்டளைக்கு முன் ஒரு சேவ்பாயிண்ட் போட்டு, எரர் வந்ததும் அதுவரை பின்வாங்கினால் மற்றவை ஓடும். 25பி02-வையே எதிர்பார்க்கும் கோடாக எழுதி வைத்துத் தப்பிப்போரும் உண்டு. அது காய்ச்சலை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை உடைக்கும் வைத்தியம்.

கேள்வி: ஒவ்வொரு டெஸ்ட்டும் முடிவில் ரோல்பேக் ஆகிறது. நேரடிப் பயன்பாட்டில் வரும் 23503 டெஸ்ட்டில் மட்டும் வருவதில்லை.

பதில்: கட்டுப்பாடு கமிட் வரை தள்ளி வைக்கப்பட்டிருக்கும். கமிட்டே நடக்காத டெஸ்ட்டில் அதைச் சோதிக்கும் வேளை வராது. கட்டுப்பாடுகளை உடனே சோதிக்கச் சொல்லும் 'செட் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஆல் இமீடியட்' கட்டளையை டெஸ்ட்டின் கடைசியில் கொடுத்தால் எரர் அங்கேயே வெளிவரும்.

கேள்வி: எதிர்பார்க்கும் கோடுகளாக எத்தனை எழுதலாம்?

பதில்: ஒன்று. இரண்டு செஷன்கள் மோதி, எது முந்தும் என்று உறுதியில்லாத இடத்தில் மட்டும் இரண்டு. மைஎஸ்கியூஎல்லின் டெஸ்ட் கருவியில் கட்டளைக்கு முந்தைய வரியில் எதிர்பார்க்கும் எரர்களைப் பட்டியலிடலாம். அந்தப் பட்டியலில் 0-வும் சேரலாம். 0 என்றால் எரர் இல்லை. '0, 1062' என்று எழுதினால் இரட்டைப் பதிவு மறுக்கப்பட்டாலும் பாஸ், நுழைந்தாலும் பாஸ். அந்த வரி எதையும் சோதிக்கவில்லை.