இருபது முகப் பகடையும் ஒரு வழக்கும்

பகடை என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் சகுனியும் தருமரும்தான். அடுத்தபடியாகப் பாட்டிமார் உருட்டும் தாயக்கட்டை. ஆனால் பணயம் எதுவும் வைக்காமல், ஒரு கதையை நடத்திச் செல்வதற்காகவே பகடை உருட்டும் விளையாட்டு ஒன்று அமெரிக்காவில் பிறந்து உலகெங்கும் பரவியிருக்கிறது. அதன் விதிகளைத் திருத்தும்போதெல்லாம் ஆடுபவர்களிடையே பெரும் வாதம் மூளுகிறது. அந்த வாதத்தில் பாதிக்கு மேல் நம்முடைய நிகழ்தகவுப் பாடமே என்று கண்டபோது நாங்கள் வியந்துபோனோம். அப்பாடம் வேப்பங்காயாகக் கசக்கும் தோழியரும் நம்மிடையே உண்டு. அவர்களை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் இதனை உருவாக்கினர். 1974ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து முதற்பதிப்பு வெளிவந்தது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்கிறார்கள். ஒருவர் கதை சொல்லி ஆட்டத்தை நடத்துகிறார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ தம்மைப் பாவித்துக்கொண்டு, "நான் இந்தப் பூட்டைத் திறக்கிறேன்", "நான் அந்தச் சுவரில் ஏறுகிறேன்" என்று சொல்கிறார்கள். திறந்ததா, ஏறினாரா என்பதைப் பகடை சொல்லும்.

பகடைகளும் விதவிதமானவை. 4, 6, 8, 12, 20 முகங்கள் கொண்டவை உண்டு. முகங்கள் எல்லாம் ஒரே அளவான ஒழுங்குத் திண்மங்கள் ஐந்துக்கு மேல் இருக்க முடியாது என்று யூக்ளிட் நிறுவினாரே, அந்த ஐந்தும் இவைதாம். (10 முகப் பகடையும் இவ்விளையாட்டில் உண்டு, அது இந்த ஐவர் குடும்பத்தைச் சேர்ந்ததன்று.) இவற்றுள் அரசாட்சி செய்வது 20 முகப் பகடை. 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து தலையாய விதி இதுதான்: 20 முகப் பகடையை உருட்டு, உன் திறமைக்குரிய எண்ணைக் கூட்டு, குறித்த இலக்கை எட்டினால் வெற்றி. இலக்கு 15, திறமை எண் 4 என்றால் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். அவ்வாறு உள்ளவை பத்து முகங்கள். எனவே வாய்ப்பு நூற்றுக்கு 50. ஒவ்வொரு முகமும் நூற்றுக்கு 5 பெறும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் தானே விளங்கும்.

சாதகமான நிலையில் இருப்பவருக்கு எப்படி உதவுவது? மூன்றாம் பதிப்பில் மேட்டில் நின்றால் 1, தோழன் உதவினால் 2 என்று மளிகைக் கடைச் சீட்டைப் போலக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். 2012 முதல் பொதுமக்களிடம் சோதித்துப் பார்த்து 2014இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு இந்தக் கூட்டல்களில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட்டது. அனுகூலம் உள்ளவர் இரண்டு பகடைகளை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். பிரதிகூலம் உள்ளவர் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளவேண்டும்.

இது எவ்வளவு உதவி? வரைபடத் தாளில் 20க்கு 20 கட்டம் போட்டோம். மொத்தம் 400 கட்டங்கள். 11 வேண்டும் என்றால், இரு பகடையும் 10க்குள் விழும் 100 கட்டங்களில் மட்டுமே தோல்வி. ஆகவே வெற்றி நூற்றுக்கு 75. ஐந்தைக் கூட்டிக் கொடுத்ததற்குச் சமம்! ஆனால் 20தான் வேண்டும் என்றால் 361 கட்டங்களில் தோல்வி, 39இல் வெற்றி. நூற்றுக்கு 5 என்பது 9.75 ஆகிறது, இங்கே ஒன்றைக் கூட்டிக் கொடுத்ததைவிடவும் குறைவு. மறுகோடியில், 2 விழுந்தாலே போதும் என்பவருக்கு 95 என்பது 99.75 ஆகிறது. எல்லையில் நிற்கும் மாணவிக்குத்தான் தனிப்பயிற்சி வகுப்பு அதிகம் பயன்படும். முதல் மாணவிக்கு அது வேண்டியதில்லை, புத்தகத்தையே திறவாதவளுக்கு அது போதாது. அனுகூலமும் அப்படித்தான்.

இதை எதிர்ப்பவர்கள் சொல்வது வேறு. மேட்டில் நின்றாலும், அதனுடன் தோழன் உதவி இருந்தாலும், பகடை இரண்டுதான். மூன்றாவது கிடையாது. மூன்று அனுகூலங்களை ஒரே ஒரு பிரதிகூலம் அழித்துவிடும். "பாடுபட்டுச் சேர்த்ததற்கு மதிப்பில்லையா?" என்று அவர்கள் கேட்பது நியாயமாகவே படுகிறது. ஆயினும் ஒவ்வொரு முறையும் ஏழெட்டு எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தால் கதை படுத்துவிடும் என்பதால் நாங்கள் புதிய விதியின் பக்கமே.

வேறு சிலர் 20 முகப் பகடையையே குறை கூறுகிறார்கள். 1986இல் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட கர்ப்ஸ் என்னும் விளையாட்டில் சாதாரணப் பகடை மூன்றைச் சேர்த்து உருட்டுவார்கள். இரண்டு முறையிலும் சராசரி 10.5 என்பது வேடிக்கை! ஆனால் மூன்று பகடையில் நடு எண்களே அதிகம் விழும். 216 வகைகளில் 10 மட்டும் 27 வகைகளில் வரும்; 18க்கு ஒரே வகை. (9க்கும் 10க்கும் உள்ள வேறுபாட்டைக் கலிலியோவே ஆராய்ந்திருக்கிறார். இரண்டையும் ஆறு விதமாகப் பிரிக்கலாம் என்றாலும், வரிசை மாற்றி எண்ணினால் 9க்கு 25, 10க்கு 27.) இதன் விளைவைப் பாருங்கள். 11 வேண்டியவளுக்கு இரு முறையிலும் பாதி வாய்ப்பு. அவள் பயிற்சி பெற்று 7 போதும் என்ற நிலைக்கு வந்தால், 20 முகப் பகடையில் அவள் வாய்ப்பு 70தான். மூன்று பகடையிலோ 216இல் 196, அதாவது ஏறத்தாழ 91! அதே நான்கு எண் முன்னேற்றம், எவ்வளவு வேறுபட்ட மரியாதை! பயிற்சிக்குப் பலன் வேண்டும் என்பவர்கள் மூன்று பகடையைக் கேட்பதில் ஆச்சரியமில்லை. கடைசி உருட்டல் வரை நெஞ்சு படபடக்கவேண்டும் என்பவர்கள் 20 முகத்தை விடமாட்டார்கள்.

இனி, எங்களிடையே சூடான பேச்சை எழுப்பிய வழக்கு. ஐந்தாம் பதிப்பைத் திருத்துவதற்காக 2022 ஆகஸ்டில் வெளியிட்ட சோதனை விதிகளில் ஒன்று இது: எந்தச் செயலாயினும் பகடையில் 20 விழுந்தால் வெற்றி, 1 விழுந்தால் தோல்வி, திறமை எண் எவ்வளவு இருந்தாலும் சரி. அதுவரை இவ்விதி தாக்குதலுக்கே உரியதாயிருந்தது. ஆதரித்தவர்கள், 20 விழுந்ததும் மேசையே ஆரவாரிக்கிறதே, அந்த மகிழ்ச்சியை ஏன் கெடுக்கவேண்டும் என்றார்கள். நடக்கவே முடியாத காரியத்துக்கு ஆட்டத்தை நடத்துபவர் பகடையே கேட்கவேண்டாமே என்றும் சொன்னார்கள்.

20 பற்றி எங்களுக்கு வருத்தமில்லை. 1தான் உறுத்துகிறது. திறமை எண் 14 பெற்ற ஒருத்திக்கு 15 என்னும் இலக்கு தவறவே தவறாது. 1 விழுந்தாலும் கூட்டினால் 15. புது விதிப்படி அவளும் இருபதில் ஒரு முறை தவறவேண்டும். ஒரு முறை என்றால் சிறிது போலத் தோன்றும். ஆனால் அவள் இருபது பூட்டுகளைத் திறந்தால், ஒன்றிலாவது தவறும் வாய்ப்பு நூற்றுக்கு 64! மேலும், எதிரில் வரும் அரக்கன் ஒரு சண்டையோடு மடிந்துபோகிறான். அவன் கணக்கு முடிந்தது. கதையின் நாயகியோ ஆட்டம் முழுவதும் உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். எனவே 1 விழும் தண்டனை பெரும்பாலும் அவள் தலையில்தான் விழும். அதிலும் ஐந்தாம் பதிப்பில் பதினோராம் நிலையை அடைந்த திருடனுக்கு, தான் தேர்ந்த வேலையில் 9 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் அதை 10 என்றே கொள்ளலாம் என்ற சலுகை இருக்கிறது. கைதேர்ந்தவனின் கை நடுங்காது என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, இன்னொரு பக்கத்தில் நடுங்கும் என்று எழுதலாமா?

ஆடுபவர்களிடம் கருத்துக் கேட்டே அச்சோதனை நடந்தது. 2024இல் திருத்திய நூல் வெளிவந்தபோது இவ்விதி அதில் இடம்பெறவில்லை. இரு பகடை அனுகூலம் அப்படியே இருக்கிறது. திறமைச் சோதனையில் 1 விழுந்தாலும் கூட்டிப் பார்த்துத்தான் தீர்ப்பு. வாளோ வில்லோ எடுத்துத் தாக்கும்போது மட்டும் 1 விழுந்தால் குறி தப்பும், 20 விழுந்தால் தப்பாது என்ற பழைய வழக்கம் நிற்கிறது. வில்லாளிக்கு ஒரு நீதி, பூட்டுத் திறப்பவளுக்கு ஒரு நீதியா என்று எங்களுள் ஒருத்தி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.